கேள்வி நேரம்: வங்கதேசத்தில் தவணைக்கு வந்த வெளிச்சம்

கே: வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டங்கள் பல பாதியில் நின்றுபோகின்றன. வங்கதேசத்தில் வீட்டு சோலார் மட்டும் எப்படி ஊர் ஊராகப் பரவியது?

ப: பணம் போன வழியைப் பாருங்கள். உலக வங்கி கடன் கொடுத்தது அரசுக்கு. அரசு அதைத் தன் நிதி நிறுவனமான இட்காலுக்கு மாற்றிவிட்டது. இட்கால் பேனல் விற்கவில்லை. கிராமத்தில் சிறுகடன் கொடுத்து வசூலித்துப் பழகிய கிராமீன் சக்தி, பிராக் போன்ற அமைப்புகள்தான் விற்றன. வாங்குபவர் 10 முதல் 15 சதவீதம் முன்பணம் கட்டுவார். மீதி மாதத் தவணை, பெரும்பாலும் 3 ஆண்டுக்கு.

சூட்சுமம் அடுத்த படியில் இருக்கிறது. அமைப்பு தன் கைக்காசில் முதலில் மாட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு இட்கால் ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மறுநிதியும் (போட்ட காசை ஈடுகட்ட இட்கால் தரும் கடன்) மானியமும் கிடைக்கும். மானியத்தையும் வருடத்துக்கு வருடம் குறைத்தார்கள். தவணை வசூலிக்க வரும் ஆளேதான் பழுதும் பார்ப்பார். விளக்கு எரியாவிட்டால் யார் தவணை கட்டுவார்?

2003இல் தொடங்கியபோது 2008க்குள் 50,000 வீடுகள் என்பது இலக்கு. 2005லேயே எட்டிவிட்டார்கள். அதன்பின் ஜெர்மனி, ஜப்பான், ஆசிய வளர்ச்சி வங்கி என்று பலரும் பணம் போட்டார்கள். 2018 வாக்கில் கணக்கு சுமார் 41 லட்சம் வீடுகள், 2 கோடிப் பேர்.

கே: 50 வாட் பேனல் ஒரு குடும்பத்துக்குப் போதுமா? பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

ப: கணக்குப் போடுங்கள். நல்ல வெயில் 4 மணி நேரம் என்றால் 200 வாட்-மணி. பேட்டரி, ஒயர் இழப்பு போகக் கையில் 140 மிஞ்சும். 3 வாட் எல்இடி விளக்கு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 60. 15 வாட் டிவி 3 மணி நேரத்துக்கு 45. செல்போன் சார்ஜுக்கு 10. மொத்தம் 115, போதும். மின்விசிறியைச் சேர்த்தால்தான் இடிக்கும்.

பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் குறுக்கு வழி. சார்ஜ் தாழ்ந்ததும், பேட்டரியைக் காக்க வைத்த கன்ட்ரோலர் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும். டிவியில் ஆட்டம் பாதியில் நிற்கும். உடனே ஒயரைப் பிடுங்கி நேராக பேட்டரியில் மாட்டுவார்கள். இப்படி அடிமட்டம் வரை இறக்கி, மழைக்காலத்தில் நாள்கணக்கில் அரைச் சார்ஜில் விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அதற்குப்பின் எவ்வளவு வெயில் அடித்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு தப்பு. பேனல் மேல் விழும் தென்னை ஓலை நிழலையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு மூலை மறைந்தாலே மொத்த உற்பத்தியும் சரியும்.

கே: இவ்வளவு நன்றாகப் போன திட்டம் ஏன் தேய்ந்தது?

ப: இரண்டு பக்கமும் அடி. அரசே வேறொரு நலத்திட்டத்தில் சோலாரை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்குச் சும்மா வருவதற்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. இன்னொரு பக்கம் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. 2022 மார்ச்சில் நாடு முழுவதும் மின்சாரம் எட்டியதாக அரசு அறிவித்தது. மக்களுக்கு லாபம்தான். வசூலாகாத கடனோடு நின்றவை விற்ற அமைப்புகள்.

கே: பழைய பேட்டரிகள்?

ப: திரும்பப் பெற வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் ஈயத்துக்குக் காயலான் கடையில் நல்ல விலை. கொல்லைப்புற உலையில் உருக்கினால் ஈயத்தூள் மண்ணில் படியும். தவழும் குழந்தைகளின் ரத்தத்தில் முதலில் ஏறும்.