பதில்: கிருஷ்ணகிரி அணையில் கட்லா சிக்கவில்லை

வணக்கம் ஐயா. கிருஷ்ணகிரி அணையில் கட்லா மீனுக்கென மைதா உருண்டையை ஈயக்குண்டுடன் அடித்தரையில் போட்டும், இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் தூண்டில் முள் வெறுமையாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கட்லா பெரும்பாலும் மேல்மட்ட நீரில் மேயும் மீன் (அதன் மேல்நோக்கிய வாயே அதற்குச் சான்று). அடியில் கிடக்கும் உங்கள் இரையைச் சிறு மீன்கள் கொத்தித் தீர்க்கின்றன என்றே கருதுகிறேன்.

தக்கை பொருத்தி, இரை நீர்மட்டத்துக்கு 3 அல்லது 4 அடி கீழே தொங்குமாறு நரம்பைச் சரிசெய்து பாருங்கள். மைதாவை மட்டும் நம்பாமல், பொடித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்துச் சுடுநீர் விட்டு இறுக்கமாகப் பிசைந்தால், மணமும் பரவும், உருண்டையும் எளிதில் கரையாது. கடையில் விற்கும் எசன்ஸ் தேவையற்ற செலவு. மிர்கால் மீன்தான் வேண்டுமென்றால் இப்போதைய அமைப்பே போதும், ஏனெனில் அது அடித்தரையில் மேய்வது.