துள்ளிப் பிறந்த சொல்

கேள்வி: 'எக்ஸல்டேஷன்' (exultation) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள் தருகிறது என் அகராதி. அவ்வளவுதானா?

பதில்: மகிழ்ச்சிதான், ஆனால் உள்ளே அடங்காத மகிழ்ச்சி. தேர்வு முடிவைப் பார்த்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதிக்கிறாளே, அந்த நொடிக்கு உரிய சொல். அமைதியான மனநிறைவுக்கு இது பொருந்தாது.

கேள்வி: இதன் வேர் லத்தீன்தானே?

பதில்: ஆம். 'சலீரே' என்றால் தாவுதல். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 'சல்தாரே'; ஆடுவதற்கும் அந்தச் சொல்தான். முன்னால் 'எக்ஸ்' சேர்ந்ததும் 'எக்ஸுல்தாரே', அதாவது துள்ளி எழுதல். 'எக்ஸல்ட்' என்ற வினை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது உடம்பால் துள்ளுவதையும் குறித்தது. பிறகு அந்தப் பொருள் வழக்கொழிந்து, மனத்தின் துள்ளல் மட்டும் நின்றது.

கேள்வி: 'சல்' எப்படி 'சுல்' ஆனது?

பதில்: நல்ல கேள்வி. லத்தீனில் முன்னொட்டு வந்து ஒட்டும்போது சொல்லின் நடுவே அகப்படும் குறில் அகரம் மெலிந்துவிடும். இங்கே லகர மெய்க்கு முன் உகரமாயிற்று. இதே 'சுல்தாரே'தான் 'இன்சல்ட்', 'ரிசல்ட்' இரண்டிலும் இருக்கிறது. ஒருவர்மேல் பாய்வது இன்சல்ட். பட்டுத் தெறித்துத் திரும்பி வருவது ரிசல்ட். ஆக, ரிசல்ட்டைப் பார்த்துக் குதித்த அந்தப் பெண்ணின் மகிழ்ச்சியும் ரிசல்ட்டும் ஒரே வேரில் கிளைத்தவை! இப்படி ஒரு சொல் இன்னொரு சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கேள்வி: 'எக்ஸால்ட்' (exalt) என்பதும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அது 'உயரமான' என்று பொருள்படும் 'அல்துஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது; உயர்த்துதல், போற்றுதல் என்று பொருள். பலரும் இடறும் இடம் இது.

கேள்வி: பிறர் தோல்வியில் மகிழ்வதற்கும் 'எக்ஸல்ட்' என்று எழுதுகிறார்களே?

பதில்: எழுதலாம். பின்னால் 'ஓவர்' சேர்ந்தால் பெரும்பாலும் அந்தப் பொருள்தான்: வீழ்ந்தவன் எதிரில் வென்றவன் கொக்கரிப்பது.

கேள்வி: தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: களிப்பு, துள்ளல், பூரிப்பு என இடத்துக்கு ஏற்பப் பல சொற்கள் உண்டு. என் தேர்வு 'எக்களிப்பு'. ஓசை ஒத்திருப்பது தற்செயல், பொருள்தான் காரணம். வெற்றியில் எக்களித்தான் என்றும் சொல்கிறோம், எதிரியின் வீழ்ச்சியில் எக்களித்தான் என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லின் இரண்டு முகங்களும் அதில் இருக்கின்றன.