தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால்…

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 19. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு தினமும் பஸ்ஸில் கல்லூரி போய் வருகிறேன். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு, கன்னத்தில் சிவந்து வலிக்கும் பரு. வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசச் சொல்கிறார் பாட்டி. தோழி கொடுத்த டீ ட்ரீ ஆயிலை அப்படியே பஞ்சில் தொட்டு வைத்தேன். எரிந்து, தோல் உரிந்துவிட்டது. எந்த எண்ணெய் நல்லது?

பதில்: என் பேத்தி வயதுதான் உனக்கு, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். தோல் ஆறும்வரை முகத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

டீ ட்ரீ ஆயிலை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிப்பது அது. 1990-இல் அந்த நாட்டிலேயே பரு உள்ள 124 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மற்றவர்களுக்கு பருவுக்கு வழக்கமாகத் தரும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடு, அதுவும் 5 சதவீதம். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் தொந்தரவு குறைவு. அதெல்லாம் 5 சதவீதத்தில்! நீ வைத்ததோ எதிலும் கலந்து நீர்க்கவைக்காத முழு எண்ணெய், எரியாமல் என்ன செய்யும்? தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்கவும் முடியாது, மேலே மிதக்கும். வேண்டுமானால், தோல் ஆறிய பிறகு, 5 சதவீத ஜெல்லாகவே வாங்கி, முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார். தடிப்பு, அரிப்பு வந்தால் விட்டுவிடு. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான பாட்டில் அலர்ஜியைக் கிளப்பும். தோழி அதை எப்போது திறந்தாள் என்று கேள்.

பாட்டி சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. வேப்பெண்ணெய்க்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலமும் பருக்கிருமியைத் தாக்கும். ஆனால் அதே தேங்காய் எண்ணெய் முகத்தில் நுண்துளைகளை அடைக்கும். இரண்டையும் குழைத்துப் பூசினால் அடைப்புதான் மிஞ்சும். வேப்பெண்ணெயைச் சின்னப் பிள்ளைகள் கையில் எட்டாமல் வைக்கச் சொல், உள்ளே போனால் வலிப்புகூட வரும்.

எனக்குச் சந்தேகம் உன் தலை எண்ணெய் மேல்தான். நம்மூர் வெயிலில், ஜன்னலோர சீட்டில், காலையில் வைத்த எண்ணெய் வேர்வையோடு நெற்றிக்கு இறங்கிவிடும். என்னிடம் வரும் கல்லூரிப் பெண்களின் நெற்றியைத் தடவினால், முடியோரம் மட்டும் ரவை தூவினாற்போல நெருநெருவென்றிருக்கும். எண்ணெய் வைக்காவிட்டால் முடி கொட்டும் என்று வீட்டில் சண்டைக்கு வருவார்கள், தெரியும். சரி, விடுமுறை நாளில் வைத்து, அன்றே தலைக்குக் குளித்துவிடு. தலையணை உறையையும் மாற்று.

கன்னத்தில் வலிக்கும் பருவை எண்ணெயை நம்பி விட்டுவைக்காதே, குழி விழும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீமும் வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தோல் மருத்துவரிடம் போ. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாடையில் முடி முளைக்கிறது என்றால் கூச்சப்படாமல் அதையும் அவரிடம் சொல்.