ஊர் வீட்டு வைஃபையில் தெரியாத கருவிகள் இணைந்திருப்பதாக ஆப் காட்டுகிறது. யாராவது திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களா?

கேள்வி கேட்டவர் சென்னையில் இருக்கிறார். தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீடு. சிசிடிவிக்காக அங்கே ஃபைபர் இணைப்பு போட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் வைத்திருக்கிறார். போன வாரம் அந்த வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படையலிட்டுப் பங்காளிகள் கூடும் விசேஷம்) நடந்திருக்கிறது. இப்போது ரவுட்டர் ஆப் 14 கருவிகள் இணைந்திருப்பதாகச் சொல்கிறது. அவர் கணக்குப்படி அங்கே இருக்க வேண்டியவை கேமரா ரெக்கார்டர், டிவி, கிணற்று மோட்டாருக்கான ஸ்மார்ட் ஸ்விட்ச், வாட்ச்மேனின் போன், அவ்வளவுதான். இதில் ரெக்கார்டர் பட்டியலிலேயே இல்லை. "வாட்ச்மேன் பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுத்துவிட்டாரா?" என்று கேட்கிறார்.

ஐயா, இப்போதைக்கு அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதீர்கள். காரைக்குடியில் கேமரா, நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். இதே சந்தேகத்தோடு எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் வெளியாள் யாரும் இருப்பதில்லை, பட்டியல்தான் தப்பாக இருக்கும். ஆனால் அது தெரிவதற்குள் வார்த்தை தடித்துப்போய், பல வருடம் வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் சாவியை வைத்துவிட்டுப் போனதும் நடந்திருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பார்ப்பது எந்தப் பட்டியல்? ரவுட்டருக்குள் குறைந்தது இரண்டு இருக்கும். ஒன்று டிஹெச்சிபி பட்டியல். யார் யாருக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) கொடுத்தோம் என்று ரவுட்டர் எழுதி வைத்திருக்கும் மொய் நோட்டு அது. வந்தவர் பெயர் இருக்கும், இன்னும் பந்தலில்தான் இருக்கிறாரா என்பது இருக்காது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு தவணை உண்டு, பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். உறவினர் திருச்சி தாண்டிப் போயிருந்தாலும் தவணை முடியும்வரை அவர் போன் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்னொன்று வயர்லெஸ் பட்டியல். இந்த நிமிடம் வைஃபையில் ஒட்டியிருப்பவை மட்டும் இதில் வரும். பக்கத்தில் மைனஸ் 50, மைனஸ் 72 என்று சிக்னல் அளவும் இருக்கும்.

பல ஆப்கள் இரண்டையும் கலந்து, எப்போதோ பார்த்த கருவிகளையும் சேர்த்து, மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டுவிடும். படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். வந்த பிள்ளைகள் முதலில் கேட்டதே வைஃபை பாஸ்வேர்டாகத்தான் இருந்திருக்கும். அந்த 14-இல் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்பது என் ஊகம். ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று சாம்பல் நிறத்தில் இருப்பவற்றைத் தள்ளிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் உட்கார்ந்து ஃபிங் மாதிரி ஸ்கேன் செய்யும் ஆப்பைத் திறந்தால், அது உங்கள் சென்னை வீட்டு நெட்வொர்க்கைத்தான் துழாவும். போன் எந்த வைஃபையில் இருக்கிறதோ அதை மட்டும்தான் அதனால் பார்க்க முடியும். ஊர் வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே ஆள் இருந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒரே போன் இரண்டு மூன்றாகத் தெரிவது. ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் மேக் முகவரி என்று 12 இலக்கம் உண்டு, எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். முதல் 6 இலக்கம் கம்பெனியைக் குறிக்கும், ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கித் தருவது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 தொடங்கி, போன்கள் தங்கள் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியைக் கொடுக்கின்றன. நம்மை யாரும் பின்தொடராமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் முகப்பில் ஒரு வைஃபை பெயர், பின்கட்டில் வேறு பெயர் என்று வைத்திருந்தால் வாட்ச்மேனின் ஒரு போனே இரண்டு வரியாகப் பதிவாகும். கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' என்று நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம். மேக் முகவரியின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 46:18:93 என்று தொடங்கினால் இரண்டாவது 6. அந்த இடத்தில் 2, 6 அல்லது ஆங்கில ஏ, ஈ இருந்தால் பெரும்பாலும் போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரிதான் அது.

கம்பெனி பெயர் சரியாகவே வந்தாலும் குழப்பம் தீராது. 'எஸ்பிரசிஃப்' என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஷாங்காயைச் சேர்ந்த சிப் கம்பெனி. ஸ்மார்ட் பல்பு, பிளக், ஸ்விட்ச் பலவற்றுக்குள்ளும் இருப்பது அவர்கள் சிப். உங்கள் கிணற்று மோட்டார் ஸ்விட்ச்தான் அந்தப் பெயரில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஸ்விட்சின் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு வயர்லெஸ் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள், அந்த வரி மறைந்தால் விஷயம் முடிந்தது. டிவி, லேப்டாப் போன்றவையும் இப்படி உள்ளே இருக்கும் வைஃபை சிப்பைச் செய்தவர் பெயரில் வருவது உண்டு.

சரி, இனி நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சிக்கல். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. நடுவில் பட்டாலை, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி. சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்கள். முகப்பில் வைத்த ரவுட்டரின் சிக்னல் வளவைத் தாண்டும்போதே சோர்ந்துவிடும். அதனால் யாரோ ஒருவர் நடுவில் எக்ஸ்டெண்டரையோ பழைய ரவுட்டரையோ மாட்டியிருப்பார். பட்டியல் உண்மையில் கெட்டுப்போவது அங்கேதான்.

எக்ஸ்டெண்டர் என்றால், பல மாடல்கள் தனக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத் தன் மேக் முகவரியையே ரவுட்டரிடம் காட்டும். வயர்லெஸ் பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும், அதன் பெயர் காலையில் 'டிவி', மாலையில் யாரோ ஒருவரின் போன் என்று மாறிக்கொண்டே இருக்கும். இதை உறுதி செய்ய, முகப்பு ரவுட்டரின் வைஃபையிலேயே ஒரு விண்டோஸ் லேப்டாப்பை இணைத்துக்கொண்டு, முதலில் ஸ்கேன் ஆப் ஒன்றை ஓடவிட்டு எல்லாக் கருவிகளையும் தட்டி எழுப்புங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஆர்ப்' (arp) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, மைனஸ் குறியும் ஏ எழுத்தும் போடுங்கள். வேறு வேறு ஐபிக்கு எதிரே ஒரே மேக் முகவரி திரும்பத் திரும்ப வந்தால், அவை அத்தனையும் எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருப்பவை. லேப்டாப்பில் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஐபோனும் புதிய ஆண்ட்ராய்டும் மற்ற கருவிகளின் மேக் முகவரியைச் சாதாரண ஆப்களுக்குக் காட்டுவதில்லை.

பழைய ரவுட்டர் என்றால் கதை வேறு. முன்ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் (WAN, வெளி இணைப்பு உள்ளே வரும்) துளையில் சொருகியிருந்தால், பின்கட்டு தனிக்குடித்தனம் ஆகிவிடும். அங்கே இருக்கும் எதுவும் முன்ரவுட்டரின் ஆப்பில் தெரியாது, மொத்தமும் ஒரே கருவியாகத்தான் தெரியும். முகப்பில் நின்று போனின் வைஃபை விவரத்தில் ஐபியைப் பாருங்கள், பிறகு அடுப்படியில் நின்று பாருங்கள். முன்னால் 192.168.1 என்றும் பின்னால் 192.168.0 என்றும் தொடங்கினால் இதுதான் காரணம். பின்ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு'க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் டிஹெச்சிபியை, அதாவது ஐபி கொடுக்கும் வேலையை, அணைத்து, அதற்கு 192.168.1.2 மாதிரி மோதாத ஒரு முகவரி கொடுத்து, கேபிளை லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளைக்கு மாற்றினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே வீடாகிவிடும்.

ரெக்கார்டர் காணாமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் நான் பார்ப்பது, கேமரா மாட்டியவர் ரெக்கார்டருக்குள்ளேயே ஐபியை நிலையாகப் போட்டுவிட்டுப் போயிருப்பதுதான். அது ரவுட்டரிடம் முகவரி கேட்பதே இல்லை, அதனால் டிஹெச்சிபி பட்டியலில் வராது. கேபிளில் இருப்பதால் வயர்லெஸ் பட்டியலிலும் வராது. கேமரா ஆப்பில் படம் வருகிறதென்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஐபி ரவுட்டர் மற்றவர்களுக்குப் பங்கிடும் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இருந்தால், விசேஷக் கூட்டத்தில் யாரோ ஒருவரின் போனுக்கும் அதே எண் போய், கேமரா அடிக்கடி விட்டு விட்டு வரும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வயர்லெஸ் பட்டியலில் ஒரு வரி விளங்காமல் நின்றால், விவாதமே வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றுங்கள். நீளமாக வையுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும், பாஸ்வேர்டு அடிக்காமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். எக்ஸ்டெண்டரிலும் புதிய பாஸ்வேர்டு போட வேண்டும், பலர் அதை மறந்துவிட்டு நெட் போய்விட்டது என்று கூப்பிடுகிறார்கள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக இணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் வந்தவுடன் ஆப்பில் 'ஹால் டிவி', 'கிணற்று மோட்டார்' என்று தமிழிலேயே பெயர் வைத்துவிடுங்கள். வாட்ச்மேன் போனில் இந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மேக் மறைப்பை அணைத்துவிட்டால் அவர் எப்போதும் ஒரே பெயரில் இருப்பார். ஐபோனில் அது 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்', ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் 'பிரைவசி' பகுதி.

இந்த வேலையெல்லாம் செய்ய அந்த வீட்டில் உங்களுக்கு இருப்பது வாட்ச்மேன் ஒருவர்தான். "அண்ணே, நெட்டு கொஞ்சம் தகராறு பண்ணுது, கூட இருந்து பார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். வீடியோ காலில் ஸ்விட்சை அணைத்து, கேபிள் போகும் வழியைக் காட்டி, சுவரில் எந்தப் பெட்டி எங்கே தொங்குகிறது என்பதை உங்களைவிட நன்றாக அவர் சொல்வார்.

அடுத்த விசேஷத்துக்கு முன் ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒன்றைத் திறந்து, வருகிறவர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். விருந்தினர் போனிலிருந்து உங்கள் ரெக்கார்டரையும் மோட்டாரையும் தொட முடியாது. எல்லோரும் ஊருக்குக் கிளம்பியதும் அதை மட்டும் அணைத்துவிடலாம். முகப்பிலிருந்து பின்கட்டுக்கு எக்ஸ்டெண்டருக்குப் பதில் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுக்க விருப்பமிருந்தால், பழைய காரைச் சுவரைத் துளைக்க விடாதீர்கள். வளவைச் சுற்றி ஓட்டுச் சரிவின் உள்விளிம்போடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.