‘புரிஞ்சுதா?’ வேண்டாமே

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ‘புரிஞ்சுதா?’ என்றால் எல்லோரும் ‘புரிஞ்சுது மிஸ்’ என்கிறார்கள், தேர்வில் பாதிப் பேர் தப்பு. என்ன செய்வது?

பதில்: அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள், வகுப்பே பார்க்க ‘புரியலை’ என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். 0.45, 0.6 இரண்டில் எது பெரியது என்று கேட்டு, எல்லோரையும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிலர் 0.45 என்று எழுதியிருப்பார்கள். உடனே திருத்தாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். ‘ஆறைவிட 45 பெருசுதானே மிஸ்’ என்றால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறார்கள் என்று அர்த்தம். சரி, அப்புறம் மீட்டர் அளவுகோலில் 0.45 மீட்டரை, அதாவது 45 சென்டிமீட்டரையும், 0.6 மீட்டரை, அதாவது 60 சென்டிமீட்டரையும் அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். மறுநாள் 0.7, 0.52 கேளுங்கள்.