கருகிய வாசமும் கதவுச் சுவிட்சும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது ஜப்பானிலிருந்து றீகண்டிஷன் வண்டியாக வந்த 2007ஆம் ஆண்டு ரொயோட்டா விற்ஸ் கார். சாரதிப் பக்கக் கதவிலுள்ள கண்ணாடிச் சுவிட்ச் சில மாதங்களாக அழுத்தும்போது நறநறவென்று இழுபட்டது. ஓட்டோ எலக்றீஷன் ஒருவர் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, இனிப் பிரச்சினையில்லை என்றார். கார்த்திகை மழையில் கிண்ணியாவிலிருந்து திரும்பி வரும்போது பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. இத்தகைய சுவிட்சுகளைப் பற்றி வெளிநாட்டில் விசாரணை நடந்ததாக என் தம்பி சொல்கிறான். அது உண்மையா? எங்கள் வண்டிக்கும் அது பொருந்துமா?
(வாசகி, உவர்மலை)

பதில்: விசாரணையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சுவிட்சை இனி அழுத்தாதீர்கள். கண்ணாடிக்குரிய பியூஸைக் கழற்றிவிட்டு, சுவிட்சை மாற்றும் வரையில் காரை வீட்டோடு ஒட்டிய கொட்டகைக்குள் விடாமல் முற்றத்தில் நிறுத்துங்கள். எண்ணெய் பீய்ச்சியவர் உங்களுக்கு உதவி செய்யவே நினைத்திருப்பார். ஆனால் நோய் எதுவோ அதற்கு நேர் எதிரான மருந்தையே அவர் கொடுத்திருக்கிறார்.

உங்கள் தம்பி சொன்னது உண்மை. கமறி, ராவ் 4 ஆகிய ரொயோட்டா வண்டிகளின் சாரதிக் கதவில் தீப்பற்றியதாக உரிமையாளர்கள் முறையிட்டதைத் தொடர்ந்து, அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012 பெப்ரவரியில் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் வண்டிகள் தொடர்பில் பூர்வாங்க விசாரணையைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூனில் அது பொறியியல் பகுப்பாய்வு என்ற அடுத்த கட்டத்துக்கு உயர்த்தப்பட்டு, வேறு சில மாதிரிகளும் சேர்க்கப்பட்டு, சுமார் 14 இலட்சம் வண்டிகளாக விரிந்தது. ஒக்டோபரில் ரொயோட்டா உலகெங்கும் 74 இலட்சத்து 30 ஆயிரம் வண்டிகளைத் திருத்தத்துக்காக மீள அழைத்தது. நிறுவனம் கூறிய காரணம் கேட்பதற்கு மிகச் சாதாரணமானது: சாரதிப் பக்க முதன்மைச் சுவிட்சைத் தயாரிக்கும்போது உள்ளே இட்ட கிறீஸ் சீராகப் பரவவில்லை. அதனால் சுவிட்ச் முதலில் நீங்கள் சொல்லும் அதே நறநறப்பைக் காட்டும். அந்த நிலையில் கடையில் விற்கும் மசகு எண்ணெய்களைப் பூசினால் சுவிட்ச் உருகலாம், புகையலாம் என்று நிறுவனமே அப்போது வெளிப்படையாக எச்சரித்திருந்தது.

அத்தோடு கதை முடியவில்லை. 2015 ஒக்டோபரில் அதே நிறுவனம், அதே பாகத்துக்காக, மேலும் 65 இலட்சம் வண்டிகளை அழைத்தது. இம்முறை கிறீஸ் போதியளவு இடப்படாத இடங்களில் தேய்ந்த உலோகத் துகள்கள் சேர்ந்து குறுக்குச்சுற்று ஏற்படக்கூடும் என்பது காரணம். ஹொண்டாவின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. இங்கே நாம் ஃபிட் என்று அறிந்த, பல நாடுகளில் ஜாஸ் என்று விற்கப்பட்ட வண்டியில், திறந்திருக்கும் கண்ணாடி வழியாக மழைநீரோ வேறு திரவமோ முதன்மைச் சுவிட்சுக்குள் இறங்கினால் தீப்பற்றக்கூடும் என்று கண்டு, 2010 ஜனவரியில் 6 இலட்சத்து 46 ஆயிரம் வண்டிகள் அழைக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு தென்னாபிரிக்காவில் இத்தகைய தீ ஒன்றில் ஒரு குழந்தை இறந்திருந்தது.

பியூஸ் ஏன் எரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை என்று பலர் கேட்பார்கள். கண்ணாடி மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் அதிகமானபடியால் அதற்கு 20 அல்லது 30 அம்பியர் பியூஸ் போடுகிறார்கள். சுவிட்சுக்குள் கருகிய பிளாஸ்டிக் ஊடாக 10 அம்பியர் மட்டும் கசிந்தால், அந்தப் பியூஸைப் பொறுத்தவரையில் எல்லாம் சுகம். ஆனால் 12 வோல்ட் பற்றரியில் 10 அம்பியர் என்பது 120 வாற்று வெப்பம். கராஜில் ஈயம் உருக்கும் 60 வாற்றுப் பற்றுக்கோல் இரண்டை உங்கள் கைதாங்கிக்குள் செருகி வைத்ததற்குச் சமம் அது. அநுராதபுரச் சந்திப் பக்கத்தில் ஒரு கராஜில் இப்படிப் போன சுவிட்ச் ஒன்றைத் திறக்கும்போது நான் அருகில் இருந்தேன். மேலிருந்து பார்க்க எந்தப் பழுதும் தெரியவில்லை. அடிமூடியைக் கழற்றியதும் செம்புத் தகடுகளுக்கு இடையில் பச்சைக் களிம்பும், அதன்மேல் பனங்கட்டிப் பாகு இறுகியதுபோல் கறுத்த எண்ணெய்ப் படையும், நடுவில் குன்றிமணி அளவில் உருகிய ஒரு குழியும் இருந்தன. கடற்காற்றின் உப்பும் மாரிமழையின் ஈரமும் சேரும் நம் ஊரில் களிம்பு பிடிப்பதற்கு வேறு உதவி தேவையில்லை.

இனி, விசாரணை எப்படி நடக்கிறது என்பது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் உரிமையாளர்கள் தனித்தனியாக அனுப்பும் முறைப்பாடுகளிலிருந்தே தொடங்குகிறது. ஒரே பாகம், ஒரே அறிகுறி என்று சில முறைப்பாடுகள் ஒத்துப்போனால் அதிகாரிகள் கோப்பைத் திறந்து, தயாரிப்பாளரிடம் வந்த முறைப்பாடுகள், உத்தரவாதக் காலத்தில் செய்த திருத்தங்கள், வழக்குகள் ஆகியவற்றோடு, அந்தப் பாகம் உதிரியாக எத்தனை விற்றது என்ற கணக்கையும் கேட்டு வாங்குகிறார்கள். இந்தக் கடைசிக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் பேசாமல் காசு கொடுத்துச் சுவிட்சை மாற்றிக்கொண்டு போனவர்களின் சாட்சியமும் அதற்குள் வந்துவிடுகிறது. நம் ஊரில் நாம் எல்லோருமே அந்தப் பேசாதவர்கள்தான்.

உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்றால், 2012 மீளழைப்பில் விற்ஸ் என்ற பெயர் இருந்தது. ஆனால் எல்லா விற்ஸும் அல்ல. அழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிந்த உரிமையாளருக்குத்தான் போகும். வண்டி கப்பலேறிய பின்னர் அந்தக் கடிதம் திருகோணமலை வரை வந்து சேராது. ஆகவே வண்டிப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கத்தை எடுத்து, ரொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் மீளழைப்புத் தேடும் பகுதியில் இட்டுப் பாருங்கள். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு போதும். திருத்தம் செய்யப்படாமல் இருப்பதாகக் காட்டினால் அதை அச்செடுத்துக்கொண்டு உள்நாட்டு முகவரிடம் கேளுங்கள். தாம் இறக்குமதி செய்யாத வண்டி என்று அவர்கள் கையை விரிக்கலாம்; கேட்பதில் நட்டமில்லை. வண்டியை விற்றவர் குறையை மறைத்ததாகக் கருதினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எப்படியாயினும், பழைய வண்டியில் கழற்றிய சுவிட்சை வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: எனது பேரனுக்கு நான்கு வயது. டச்பே கடற்கரைக்குப் போகும்போது பின்னிருக்கையில் ஏறி நின்று தலையை வெளியே நீட்டுகிறான். கண்ணாடி எதிலாவது முட்டினால் தானாகக் கீழிறங்கும் என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா?
(வாசகர், சாம்பல்தீவு)

பதில்: சோதிக்காமல் நம்பவேண்டாம். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்த வசதி சாரதியின் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு. பேரன் நிற்கும் பின் கண்ணாடிக்கு இருப்பதில்லை. ஒரு முருங்கைக்காயைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் குறுக்கே பிடித்து, மூடும் சுவிட்சை இயக்கிப் பாருங்கள். காய் நசுங்கினால் பதில் கிடைத்துவிட்டது. விரலை வைத்துப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்க விதியின்படி, சாவி இல்லாத நிலையிலோ தொலைவிலிருந்தோ மூடக்கூடிய கண்ணாடி, 4 முதல் 200 மில்லிமீற்றர் வரையான இடைவெளியில் எதுவும் அகப்பட்டால், 100 நியூட்டன் விசையைத் தாண்டுமுன் திரும்பிவிட வேண்டும். 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பையின் பாரம். நவீன வண்டிகளும் இதில் தவறுவதுண்டு. 2022 செப்டெம்பரில் ரெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 11 இலட்சம் கார்களை இதே காரணத்துக்காக மீள அழைத்து, மென்பொருளை மட்டும் மாற்றியது.

சுவிட்சின் வடிவத்தையும் பாருங்கள். இருபுறமும் சாயும் பழைய வகைச் சுவிட்சில், தலையை வெளியே நீட்டும் பிள்ளையின் முழங்காலே கண்ணாடியை மூடிவிடும். மூடுவதற்கு மேல்நோக்கி இழுக்கும் வகையே பாதுகாப்பானது. அமெரிக்கக் காங்கிரஸ் 2005இல் அதனைச் சட்டமாக்கியதற்கு இவ்வாறு இறந்த பிள்ளைகளே காரணம். உங்கள் வண்டி எந்த வகையானாலும் சாரதிக் கதவில் பின் கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். பேரன் ஏறுமுன் அதை அழுத்திவிடுங்கள். காற்று வேண்டுமென்று அவன் அழுதாலும் கடற்கரை அதிக தூரமில்லை.

கேள்வி: பின்பக்கக் கண்ணாடி திடீரென்று கதவுக்குள் விழுந்துவிட்டது. இதற்கும் மீளழைப்பு உண்டா? புகைச் சான்றிதழ் எடுக்கும்போது இவற்றைப் பார்க்கமாட்டார்களா?
(வாசகர், மூதூர்)

பதில்: கண்ணாடியைத் தூக்கும் கம்பியோ அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொளுவியோ அறுந்திருக்கும், பெரும்பாலும் வயதுத் தேய்வுதான். உள்ளே கிடக்கும் கம்பி மற்ற வயர்களை உரசுமுன் மாற்றிவிடுங்கள். புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகையை மட்டும்; அதுவும் வெளியேற்றுக் குழாயிலிருந்து வரும் புகையை. கதவிலிருந்து வரும் புகையை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.