கரண்ட் போனால் பில்ட் சேர்வரும் விழுகிறதா?

கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஐந்து பேர் சேர்ந்து மென்பொருள் செய்கிறோம், எழுதிய கோடைத் தானாகவே மென்பொருளாகக் கட்டிச் சோதிக்கும் ஜென்கின்ஸ் ஓடும் எங்கள் பில்ட் சேர்வர் மின்சாரம் போகும்போதெல்லாம் விழுகிறது, இரண்டு சேர்வர் பூட்டினால் ஒன்று விழ மற்றது தாங்கும் என்று ஒருவர் விலை தந்திருக்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. இலவச ஜென்கின்ஸில் அந்த வசதியே இல்லை. இரண்டு ஜென்கின்ஸ் ஒரே கோப்புறையை ஒரே நேரத்தில் தொட்டால் இருப்பதும் குழம்பும். அதோடு இரண்டும் ஒரே பிளக்கில்தானே நிற்கப்போகின்றன, கரண்ட் போனால் சேர்ந்தே விழும். கம்பனிகள் கழித்த மெஷினைத் துடைத்து வன்னிக்கு அனுப்பிக் காசு பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கவனம்.

அந்தக் காசில் கொஞ்சத்தை யூபிஎஸ்ஸுக்குப் போடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுக்கவே இருண்டது. அதையெல்லாம் எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது. பத்து நிமிடம் பிடித்துவைத்து சேர்வரை ஒழுங்காக அணைப்பதுதான் அதன் வேலை, அதற்கு யூஎஸ்பி வயரால் சேர்வரோடு பேசக்கூடியதாக வாங்க வேண்டும். பற்றரி எந்த மாதம் செய்தது என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், பழையதற்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், நம்முடைய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது.

மின்சாரம் வந்ததும் மெஷின் தானாக எழும்ப அதன் அடிப்படை அமைப்பான பயோஸிலும், ஜென்கின்ஸ் தொடங்க லினக்ஸிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். இடையில் அறுந்த பில்டைத் திரும்ப ஓடவிட்டால் சரி. பழைய பில்டுகளைத் தானாக அழிக்கவும் விடுங்கள், டிஸ்க்கில் வெற்றிடம் 1 ஜிபிக்குக் கீழே போனால், நீங்கள் மாற்றாதவரை, ஜென்கின்ஸ் அந்த மெஷினில் புது பில்டுகளைத் தொடங்காது.

ஜென்கின்ஸைப் பிரதி எடுக்கும்போது, பில்டுக்காகக் கோடு வந்து இறங்கும் வேர்க்ஸ்பேஸ் கோப்புறை தேவையில்லை, விட்டுவிடலாம். ஆனால் சீக்ரெட்ஸ் என்ற சின்னக் கோப்புறையை மட்டும் விடவே கூடாது. நீங்கள் சேமித்த கடவுச்சொற்களெல்லாம் அதற்குள் இருக்கும் சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. வேலைகள், பிளகின்கள், அமைப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தும் அந்தச் சாவி இல்லையென்றால் ஒரு கடவுச்சொல்லும் திறக்காது, எல்லாவற்றையும் கையால் திரும்பப் போடவேண்டும். மற்றப் பிரதியோடு சேர்த்து வைத்தால் அதைத் திருடுகிறவனுக்குச் சாவியையும் கொடுத்ததாகும், ஆகவே வேறோர் இடத்தில் வையுங்கள். அதே டிஸ்க்கில் வைப்பது பிரதியே இல்லை.

பிறகு ஒரு பழைய லப்டொப்பில் அந்தப் பிரதியை எழுப்பிப் பாருங்கள். முதல்முறை இணையத்தைத் துண்டித்துவிட்டு, நேரத்துக்கு ஓடும் வேலைகளையும் வாடிக்கையாளரின் தளத்துக்கு அனுப்பும் வேலைகளையும் நிறுத்திய பிறகே இணையத்தைப் போட்டு ஒரு பில்டை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் பிரதியும் தன்பாட்டில் போய் அந்தத் தளத்தில் கைவைத்துவிடும்.